சோற்றில் யாராவது வேண்டுமென்றே எதையாவது கலந்துவிட்டால்?

கலப்படம் நமக்குப் பழகிய சொல். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த்தூளில் செங்கல்பொடி. அதைச் செய்பவருக்கு வேண்டியது பணம். இங்கே நான் சொல்லப்போவது வேறு. சாப்பிடுகிறவர்களுக்குத் தீங்கு வர வேண்டும் என்பதற்காகவே ஒருவர் உணவிலோ குடிநீரிலோ எதையாவது கலப்பது. இதை 'உள்நோக்கக் கலப்பு' (கேடு செய்யும் எண்ணத்தோடு உணவைக் கெடுப்பது) என்று வைத்துக்கொள்வோம்.

இதெல்லாம் சினிமாவில்தானே நடக்கும்?

இல்லை. நம் எல்லையை ஒட்டியே நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் சுள்வாடி என்ற ஊர் இருக்கிறது. 2018 டிசம்பர் 14 அன்று அங்குள்ள மாரம்மன் கோயிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. வந்தவர்களுக்குப் பிரசாதமாகச் சோறு கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் படுத்தார்கள். சோற்றில் பூச்சிமருந்து கலந்திருந்தது. கோயில் நிர்வாகம் யார் கையில் இருப்பது என்ற சண்டையில், எதிர்த்தரப்புக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று செய்யப்பட்டது இது என்பது காவல்துறை சொன்ன காரணம். இறந்தவர்களுக்கு அந்தச் சண்டையோடு ஒரு தொடர்பும் இல்லை. சாமி கும்பிட வந்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் அங்கே பட்டியல் சமூகக் குடும்பங்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. அவர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையை ஊர் மக்கள் ஏற்கவில்லை. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. பார்த்த மருத்துவர்களுக்குக் குடிநீர் மேல் சந்தேகம் வந்தது. அதன் பிறகுதான் ஊர் இளைஞர்கள் தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்தார்கள். அதுவரை அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உலகத்தில் இதுபற்றி அதிகம் பேசப்பட்ட நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 1984-இல் ஓரிகன் மாநிலத்தின் த டாலஸ் என்ற சிறு நகரத்தில் 751 பேருக்கு ஒரே மாதிரி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. எல்லோரும் அங்குள்ள 10 உணவகங்களில் எதிலாவது ஒன்றில் சாப்பிட்டவர்கள். யாரும் சாகவில்லை. பக்கத்திலிருந்த ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், உள்ளூர்த் தேர்தலில் எதிர்த்தரப்பு வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்கு வராமல் போக வேண்டும் என்று, சால்மோனெல்லா (குடலைத் தாக்கும் கிருமி) கலந்திருந்தார்கள்.

இதில் நம்மை யோசிக்க வைக்க வேண்டியது அடுத்து நடந்ததுதான். விசாரித்த சுகாதார அதிகாரிகள், சமையல் பணியாளர்கள் கைசுத்தம் இல்லாமல் வேலை செய்ததால் வந்தது என்றே முதலில் முடிவு கட்டினார்கள். 1985-இல் ஆசிரமத்துக்குள்ளே பிளவு வந்து, அங்கிருந்த ஆய்வகத்தில் அதே கிருமி கிடைத்த பிறகே உண்மை தெரிந்தது. ஏறத்தாழ ஓராண்டு பழி யார் மேல் இருந்தது? ஓட்டலில் காய்கறி நறுக்கியவர்கள் மேல்.

சரி, இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

கோயிலில் ஒரு பெரிய பாத்திரம். ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓட்டலில் எல்லோரும் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வைத்த காய்கறித் தட்டுகள். மூன்றுமே பலருடைய பங்கு ஒன்றாகச் சேர்ந்திருந்த இடங்கள். மூன்றும் யாரும் நெருங்கக்கூடிய நிலையில், யாரும் கவனிக்காத நேரத்தில் இருந்தன.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் தொழிற்சாலைகளுக்கென்று தனி விதியே கொண்டுவந்தது. அதன் சாரமும் இதுதான். திரவத்தை மொத்தமாக ஏற்றி இறக்கும் இடம், திரவத்தைச் சேமித்து வைக்கும் இடம், சிறு சேர்மானங்களை அளந்து போடும் இடம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் இடம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள் என்கிறது அது. அந்த நான்கிலும் ஒருவர் கைவைத்தால் முழு உற்பத்தியும் கெடும். வெளியாள் மட்டுமல்ல, உள்ளே வேலை செய்கிறவரும் செய்யக்கூடும் என்று எண்ணித் திட்டமிடு என்றும் சொல்கிறது.

இதை நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எண்ணெய் டின், தண்ணீர்த் தொட்டி, மசாலா அரைத்து வைத்த ஏனம், சாம்பார் அண்டா. அதே நான்கு இடங்கள்தான். ஆயிரம் பேர் சாப்பிடும் இடத்தில் ஆயிரம் இலைகளையும் யாராலும் காவல் காக்க முடியாது. நான்கு இடங்களைக் காக்க முடியும்.

நான் என்ன பாதுகாப்பு அதிகாரியா, என்னால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கோயில் அன்னதானம், காதணி விழா, ஊர்த் திருவிழா, விடுதிச் சாப்பாடு என்று வருஷத்தில் ஒருமுறையாவது நம்மில் பலர் பொறுப்பெடுக்கிறோம். அந்த ஒரு நாளுக்கான விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஆள். அடுப்படிக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சமையல் மாஸ்டர் தன்னோடு கூட்டி வரும் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதில் இல்லாதவர், உறவினரே ஆனாலும், அடுப்படிக்குள் வந்து நிற்க வேண்டியதில்லை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவரை வாசலில் உட்கார வைத்துவிட்டால் அந்தக் கூச்சம் பாதி தீர்ந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காவல் என்பது யாருடைய சாதியையும் மதத்தையும் பார்த்துச் சந்தேகப்படுவது அல்ல. பூட்டும் கணக்கும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் அது காவல். ஆளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், வேலை செய்து பிழைக்க வந்த ஒருவர் அவமானப்படுவார். கேடு செய்ய நினைத்தவர் சந்தேகம் விழாத பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். சுள்வாடியில் கைதானவர்களில் கோயிலோடு நெருங்கிய தொடர்புடையவர்களும் இருந்தார்கள்.

அடுத்து, ஆளில்லாத நேரம். எந்தச் சமையற்கட்டிலும் ஆபத்தான நேரம் ஒன்று உண்டு. சமையல் முடிந்து, பந்தி இன்னும் தொடங்காமல் இருக்கும் அரைமணி, முக்கால் மணி நேரம் அது. மாஸ்டர் கைகால் கழுவப் போயிருப்பார். பரிமாறும் பையன்கள் இலை போடப் போயிருப்பார்கள். அண்டாக்கள் வரிசையாக, பாதி மூடியபடி, ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். முதல் நாள் இரவே காய் நறுக்கி, மாவரைத்து வைக்கிறீர்கள் என்றால், அதை வைக்கும் அறைக்குப் பூட்டு வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டும்.

பூச்சிமருந்து, எலிமருந்து, ஆசிட், பினாயில் எதுவும் அடுப்படி இருக்கும் கட்டடத்திலேயே வேண்டாம். இது தவறுதலாக நடக்கும் சாவுகளையும் தடுக்கும். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. அது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, பொறுப்பில்லாமையால் வந்தது. ஆனால் சாகிற குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதானே.

நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துப்போகாதா?

கிருமிகள் பெரும்பாலும் சாகும். பூச்சிமருந்து சாகாது, அது உயிருள்ள பொருள் அல்ல. கொதிக்க வைப்பதையோ வீட்டில் உள்ள தண்ணீர் வடிகட்டியையோ நம்பி, சந்தேகம் வந்த பொருளைப் பயன்படுத்த வேண்டாம்.

முதலில் ஒருவர் ருசி பார்த்தால் போதாதா?

ஓரளவுக்குத்தான் உதவும். பீகார் சம்பவத்துக்குப் பிறகு பள்ளி மதிய உணவை, ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்த்த பின்பே குழந்தைகளுக்குப் பரிமாற வேண்டும் என்ற ஏற்பாட்டை நாடெங்கும் வலியுறுத்தினார்கள். உடனே வேலை செய்யும் விஷத்தை அது காட்டிக்கொடுக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமி என்றால் உடம்பில் தெரிவதற்குப் பல மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ருசி பார்த்தவர் அதுவரை நன்றாகவே இருப்பார்.

நாக்கை விட மூக்கை நம்பலாம். பல பூச்சிமருந்துகளுக்குக் காட்டமான வாடை உண்டு. மண்ணெண்ணெய் போல ஒரு நெடி அடித்தாலோ, எண்ணெயின் நிறமோ நுரையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, வாயில் வைத்துப் பார்க்கக்கூட வேண்டாம். பீகார்ப் பள்ளியில் எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண்மணி சொன்னதாகவும், அதைக் கண்டுகொள்ளாமல் சமைக்கச் சொன்னதாகவும் அப்போதைய செய்திகளில் வந்தது. அடுப்படியில் நிற்கிற கடைசி உதவியாள் "அண்ணே, வாடை ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால், அந்தப் பேச்சுக்கு அந்த நிமிஷமே மதிப்பு இருக்க வேண்டும். ஓர் அண்டா குழம்பைக் கொட்டுவது நஷ்டம்தான். மறுபடி சமைத்துக்கொள்ளலாம்.

பெரிய விடுதிகளும் விமான நிறுவனச் சமையற்கூடங்களும் வெகுகாலமாகச் செய்கிற ஒன்றை நீங்களும் செய்யலாம். பரிமாறும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, சுத்தமான சிறு டப்பாவில் போட்டு, பெயரும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் கொட்டிவிடலாம். ஏதாவது நடந்தால், எதனால் என்று மருத்துவரும் ஆய்வகமும் கண்டுபிடிக்க அதுதான் வழி. சமைத்தவர்கள் மேல் வீண்பழி விழாமல் காப்பாற்றுவதும் அதுவே.

ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு என்ன செய்யலாம்?

மேலே ஏறும் இரும்பு ஏணியின் அடிப்பகுதிக்குக் கதவும் பூட்டும் இருக்கிறதா, தொட்டியின் மூடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பல ஊர்களில் மூடி சும்மா சாத்தியிருக்கும், அல்லது மூடியே இருக்காது. கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேள்வியாக எழுப்பி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தொட்டியை எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று தொட்டியிலேயே எழுதிவைக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. தண்ணீர் நாறுகிறது என்று ஒரு தெருவிலிருந்து புகார் வந்தால், எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று பார்த்து எடைபோடாமல் அன்றைக்கே ஏறிப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் பொருளில் எதைப் பார்ப்பது?

முத்திரையை. இதற்குப் பின்னால் ஒரு துயரமான கதை இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி மாத்திரைக் குப்பிகளை யாரோ திறந்து, சயனைடு கலந்து, திரும்பக் கடை அலமாரியில் வைத்துவிட்டார். 7 பேர் இறந்தார்கள். செய்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. திறந்தால் தெரிந்துவிடும்படியான உறை கட்டாயமானது அதற்குப் பிறகுதான். இன்று உங்கள் கைக்கு வரும் குப்பிகளின் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு அந்த ஏழு பேரின் சாவுக்குப் பிறகு வந்தது.

குளிர்பானமோ தண்ணீரோ வாங்கும்போது மூடியின் அடியில் ஒரு வளையம் இருப்பதைப் பாருங்கள். மூடியும் வளையமும் சின்னச் சின்னப் பாலங்களால் ஒட்டியிருக்கும். முதல்முறை திருகும்போது அந்தப் பாலங்கள் நறநறவென்று அறுபடுவது விரலுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள். குடிக்க வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் ஜாம், ஊறுகாய் சிலவற்றில் மூடியின் நடுவே சிறு குழிவு இருக்கும். திறப்பதற்கு முன்பே அது மேலெழும்பி, அழுத்தினால் 'டக் டக்' என்று ஆடினால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் மூடிக்கு மேல் உறை கிழியாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று கேன் போடும் தம்பி நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். செயலியில் வரவழைக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒட்டிய நாடா கிழிந்திருந்தால், வாங்கும்போதே படம் எடுத்துத் திருப்பி அனுப்பலாம். குழந்தைகளுக்கான பால்மாவில் மட்டும் சமாதானமே வேண்டாம். டப்பா நசுங்கி, உள்தகடு பிரிந்திருந்தால் விலை எவ்வளவானாலும் திருப்பிக் கொடுங்கள்.

ஒருவேளை சாப்பிட்டாயிற்று, உடம்பு ஏதோ செய்கிறது. அப்போது?

பந்தியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, மயக்கம் என்றால் முதல் வேலை பரிமாறுவதை நிறுத்துவது. பந்தி பாதியில் நிற்கிறதே என்று யாரும் மனசாட்சியோடு போராட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். எத்தனை பேர் என்பதைச் சொல்லுங்கள், அதற்கேற்ப வண்டிகள் வரும்.

வாயில் எச்சில் ஒழுகுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்குவது, மூச்சு இழுப்பது ஆகியவை சில வகைப் பூச்சிமருந்துகளின் அடையாளம். அதற்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் என்று எதையாவது கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் சந்தேகப்படும்படியான டப்பாவோ குப்பியோ கிடந்தால், கையில் உறை மாட்டி எடுத்து, மூடிய பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் சிகிச்சைக்கு நேரம் மிச்சம்.

மீதிச் சாப்பாட்டை எங்கும் கொட்டாதீர்கள். நாய்க்கும் காக்கைக்கும்கூட. அண்டாவை மூடி, யாரும் தொடாமல் ஒருவரை நிறுத்துங்கள். பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்கள்.

யாரிடம் சொல்வது?

யாரோ வேண்டுமென்றே கலந்தார் என்ற சந்தேகம் என்றால் அது காவல் நிலையத்து வேலை. கேடு செய்யும் எண்ணத்தோடு விஷம் கொடுப்பதற்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் கொலை வழக்கு. உணவுப் பொருளே சரியில்லை, கடைப் பொட்டலம் திறந்திருந்தது என்றால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். பொட்டலத்தின் மேல் உள்ள 14 இலக்க உரிம எண், தயாரிப்புத் தேதி, தொகுதி எண் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். அந்தத் தொகுதி எண்ணை வைத்துத்தான் மற்ற கடைகளில் இருக்கும் அதே சரக்கைத் திரும்பப் பெற முடியும்.

முகநூலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டால் சீக்கிரம் பரவுமே என்று தோன்றும். அலுவலரிடம் சொல்வதற்கு முன் போடாதீர்கள். 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ராபெரிப் பழங்களுக்குள் தையல் ஊசி இருந்ததாகச் செய்தி வந்தது. சில நாட்களில் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள். பல, முதல் செய்தியைப் பார்த்து மற்றவர்கள் செய்தவை. சில வெறும் பொய். பழம் விற்காமல் விவசாயிகள் லாரி லாரியாகக் குப்பையில் கொட்டினார்கள். அந்த அரசு தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தியது. கூடவே, பழத்தை வெட்டிப் பார்த்துச் சாப்பிடுங்கள், வாங்குவதை நிறுத்தாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு வதந்தி, ஒரு சின்ன பேக்கரியை ஒரே இரவில் மூட வைத்துவிடும்.

அலுவலர் வராமலே இழுத்தடித்தால்?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவு உங்களுக்கு நேரடியாக ஓர் உரிமை தருகிறது. நீங்கள் வாங்கிய பொருளை நீங்களே, உரிய கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் (அரசு அங்கீகரித்த சோதனையாளர்) கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். பொருளில் குற்றம் இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு தர உத்தரவிட 65-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இதற்கெல்லாம் ரசீதுதான் அடிப்படை. எந்தக் கடையில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று காட்ட முடியாமல் போனால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். அன்னதானத்துக்கோ விசேஷத்துக்கோ மளிகை எடுத்தால், நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் வரையாவது அந்த ரசீதுகளை எல்லாம் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.